பழைய படப் பாட்டு பிரீமியம் சிடி, எல்பி இசைத்தட்டு எல்லாம் காசு குடுத்து வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்கு வர்றவங்க அலமாரிய பாத்துட்டு கேக்கறது, ஆபீஸ்ல டீ குடிக்கறப்ப கேக்கறது, ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸப்ல ஒரு கடை லிங்க அனுப்பி "ண்ணா இத வாங்கலாமா"ன்னு கேக்கறது, எல்லாத்தயும் சேத்து எழுதிட்டேன். நான் சவுண்ட் இன்ஜினியர் இல்ல. முப்பது வருஷமா தமிழ்ப் படப் பாட்டு டிஸ்க் சேக்கறவன், அதுல பாதி காச தண்டமா விட்டவன், அந்த ஒரு தகுதிதான்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, வாங்கலாமா வேணாமா?

எந்த டேப்ல இருந்து எடுத்தாங்க, யார் மாஸ்டர் பண்ணாங்க, அதாவது டிஸ்க்ல ஏத்தறதுக்கு முன்னாடி கடைசியா சத்தத்த சரி பண்ணித் தந்தது யாருன்னு கவர்லயோ உள்ள இருக்கற புக்லெட்லயோ எழுதியிருந்தா வாங்கறத பத்தி யோசிக்கலாம். அத எழுதாம தங்கக் கலர், 180 கிராம், 24 பிட், ஜப்பான் டெக்னாலஜின்னு மட்டும் கொட்டை எழுத்துல போட்டிருந்தா வேணாம்.

அப்படி என்னதான் பிரீமியம் இருக்கு அந்த டிஸ்க்ல?

சாதா சிடி என்னன்னு மொதல்ல பாத்துடுவோம். 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், அதாவது சத்தத்த செகண்டுக்கு 44,100 தடவ 16 பிட் நம்பரா அளந்து வெக்கறது, 1982ல ஜப்பான்ல விற்பனைக்கு வந்தப்ப என்ன அளவோ இன்னிக்கும் அதேதான். அந்த 44.1ல பாதி, அதாவது 22 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள சத்தத்த அது பிடிச்சு வெச்சுக்கும். மனுஷக் காது சின்ன வயசுல 20 வரைக்கும் கேக்கும், நாப்பது தாண்டினா அது பாட்டுக்கு இறங்கிட்டே போகும், போன்ல 16 கிலோஹெர்ட்ஸ் டோன் போட்டா என் பையன் காத பொத்திக்கிட்டு ஓடறான், நான் போன் ரிப்பேர்னு நெனச்சு தட்டிட்டு உக்காந்திருக்கேன்.

இதுக்கு மேல பிரீமியம்னு வர்றது ரெண்டு வகை. ஒண்ணு, உள்ள இருக்கறது அதே சிடி, செய்யற பொருளோ செய்யற முறையோ மட்டும் வேற. எஸ்ஹெச்எம் சிடின்னு ஜேவிசியும் யுனிவர்சல் மியூசிக் ஜப்பானும் சேந்து கொண்டு வந்தது இருக்கு, எல்சிடி திரைக்குன்னு பண்ண தெளிவான பிளாஸ்டிக்ல அடிக்கறது. ப்ளூ-ஸ்பெக் சிடின்னு சோனி கொண்டு வந்தது இருக்கு, அதுல மாஸ்டர் டிஸ்க வெட்டறது நீல லேசர். அப்புறம் தங்க சிடி, அலுமினியத்துக்கு பதிலா தங்கம் பூசறது. ரெண்டாவது வகைல உள்ள இருக்கற டேட்டாவே வேற, எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி), டிவிடி ஆடியோ, ப்ளூரே ஆடியோ இதெல்லாம்.

மொத வகைக்கு நான் எக்ஸ்ட்ரா காசு தர மாட்டேன். டிஸ்க்ல இருக்கறது வெறும் ஒண்ணும் சைபரும்தான். சாதா சிடிலயே கிட்டத்தட்ட ரெண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்கு டேட்டா போயிட்டாலும் கணக்குப் போட்டு முழுசா திரும்ப எடுத்துடற ஏற்பாடு இருக்கு, அதனால ஒரே மாஸ்டர்ல இருந்து சாதா சிடியும் ஜப்பான் சிடியும் அடிச்சா கம்ப்யூட்டர்ல ஏத்தி ஒப்பிட்டுப் பாத்தா ஒரு பிட் கூட மாறாது. "இல்லண்ணா எனக்கு வித்தியாசம் கேக்குது"ன்னு சொன்னா ஒண்ணு மாஸ்டர் வேற, இல்ல சத்தம் கொஞ்சம் கூட வெச்சு கேட்டிருக்கீங்க. பொன்னி அரிசிய எவர்சில்வர் தூக்குல போட்டாலும் பழைய பெயின்ட் டப்பால போட்டாலும் பொங்கினா பொன்னி அரிசிதான்.

எஸ்ஏசிடியாவது நிஜமா உசத்தி இல்லயா?

காகிதத்துல உசத்திதான். 1999ல சோனியும் பிலிப்ஸும் கொண்டு வந்தாங்க, சிடிய விட பல மடங்கு டேட்டா. ஆனா 2007ல பாஸ்டன்ல ரெண்டு பேர் ஒரு சோதனை பண்ணி வெளியிட்டாங்க, உசத்தியான டிஸ்க்க ஓட்டி, நடுவுல அத சிடி அளவுக்கு இறக்கற பெட்டிய ரகசியமா வெச்சு, எது எதுன்னு சொல்லுங்கன்னு கேட்டாங்க. மொத்தம் 554 தடவ. சரியா சொன்னது 276. பூவா தலையா போட்டிருந்தாலும் அவ்ளோதான் வந்திருக்கும்.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் வேற ஒண்ணு. அதே ரெண்டு பேரும் எஸ்ஏசிடியா வர்ற ஆல்பம் பொதுவா நல்லாத்தான் இருக்குன்னும் எழுதியிருக்காங்க, ஏன்னா காது உள்ள ஆளுங்க வாங்குவாங்கன்னு தெரிஞ்சு மாஸ்டர் பண்றவன் ஒழுங்கா பண்றான். வேலை டிஸ்க்ல இல்ல, உக்காந்து பண்ணவன் கைலதான் இருக்கு.

தமிழ்ப் படப் பாட்டு எஸ்ஏசிடில நான் இது வரைக்கும் கைல தொட்டதில்ல. அதனால உங்களுக்கும் எனக்கும் இது பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். தவிர அதுக்குன்னு தனி பிளேயர் வேணும், கம்ப்யூட்டர் டிரைவ்ல போட்டா அந்த எஸ்ஏசிடி டேட்டாவ படிக்காது.

அப்ப டேப்பு டேப்புன்னு ஏன் உயிர விடறீங்க?

ஏன்னா எல்லாம் அங்கதான் இருக்கு. 70, 80கள்ல ஒரு பாட்டு ரெக்கார்டிங் முடிஞ்சதும் ஒரு ஸ்பூல் டேப்ல ஃபைனல் மிக்ஸ் இருக்கும். அதுல இருந்து ஒரு காப்பி ரெக்கார்டு கம்பெனிக்கு, அதுல இருந்து எல்பி வெட்ட ஒரு காப்பி, கேசட் அடிக்க ஒரு காப்பி. ஒவ்வொரு காப்பிக்கும் ஸ்ஸ்ஸ்னு ஒரு இரைச்சல் கூடும், மேல இருக்கற சலங்கை, ஜால்ரா, வயலின் வில்லு உரசற சத்தம் கொஞ்சம் கொஞ்சமா தேயும். ஜெராக்ஸ ஜெராக்ஸ் எடுத்து அத மறுபடி ஜெராக்ஸ் எடுத்த மாதிரி.

அந்த மொத டேப்பு இப்ப எங்க இருக்குன்னு பாத்தா, சில கம்பெனில பத்திரமா இருக்கு, பல எடத்துல இல்ல. நம்ம ஊரு வெயில், கடலோர ஈரம், ஏசி இல்லாத ரூம். இது போக அந்தக் காலத்து சில டேப்புல மேல பூசின பசை ஈரத்த உறிஞ்சி பிசுபிசுன்னு ஆயிடும், அப்படியே ஓட்டினா மெஷின் ஹெட்டுல பூச்சு உரிஞ்சு ஒட்டிக்கும், அத 50 சொச்சம் டிகிரி சூட்டுல மணிக்கணக்குல மெதுவா வாட்டி எடுத்துத்தான் ஒரு தடவ ஓட்டி டிஜிட்டல் பண்ணணும். அப்பளத்த வெயில்ல காய வெக்கற மாதிரி பொறுமையான வேலை, காசும் ஆகும். இவ்ளோ செலவு பண்ணி ஒரு கம்பெனி ஒரு ரீஇஷ்யூ போட்டா அத கவர்ல எழுதாம இருப்பாங்களா? எழுதலன்னா பண்ணலன்னு நான் எடுத்துப்பேன். எழுதின எல்லாரும் உண்மைய எழுதறாங்கன்னும் சொல்ல முடியாது, அது வேற.

டேப் இல்லாதவங்க என்ன பண்றாங்கன்னா, நல்லா இருக்கற ஒரு எல்பிய ஓட்டி எடுக்கறது, கேசட்ல இருந்து எடுக்கறது, பழைய சிடிய அப்படியே காப்பி அடிச்சு சத்தம் ஏத்தறது. இதுல எல்பில இருந்து நல்லா எடுத்தா தப்பில்ல, சில பாட்டுக்கு மிஞ்சியிருக்கறதே அது ஒண்ணுதான், ஆனா அத சொல்லிட்டு விக்கணும்.

இதனாலதான் 80கள் கடைசி, 90கள் ஆரம்பத்துல வந்த பழைய சிடிக்கு இவ்ளோ கிராக்கி. நியூயார்க்ல இருந்து ஓரியன்டல் ரெக்கார்ட்ஸ் போட்ட இளையராஜா சிடி எல்லாம் ஆளுங்க இன்னும் தேடறாங்களே, அது சும்மா பழசு மேல இருக்கற பாசம் மட்டும் இல்ல. அப்ப பல டேப்புக்கு வயசு பத்து வருஷம் கூட ஆகல, சத்தத்த ஏத்தி அடிக்கற வியாதியும் அப்ப வரல. ஒரே டிஸ்க்ல ரெண்டு மூணு படம் இருக்கும், கவர் டிசைன் கண்றாவியா இருக்கும், பாட்டு பேரு ஸ்பெல்லிங் தப்பா இருக்கும், ஆனா போட்டா பாட்டு அது பாட்டுக்கு மூச்சு விடும்.

நீங்க ஏமாந்த கதைய சொல்லுங்க, அதான் எல்லாரும் கேக்கறோம்

கம்பெனி பேரு வேணாம். மேல வெல்வெட் மாதிரி தடவினா மெத்துன்னு ஒரு பெட்டி, உள்ள நம்பர் போட்ட கார்டு, "24 பிட் ரீமாஸ்டர்"ன்னு தங்க எழுத்து, 80கள்ல வந்த ஒரு படத்தோட அஞ்சு பாட்டு, 2,400 ரூபா. போட்டேன். மொத பத்து செகண்ட் ஆஹான்னு இருந்துச்சு, சத்தம் கூட இருந்தா யாருக்குமே அப்படித்தான் தோணும். ரெண்டாவது பாட்டுல பல்லவிக்கு முன்னாடி பாடகி லேசா மூச்சு இழுக்கற எடம் ஒண்ணு இருக்கு, சின்ன வயசுல கேசட்ல கேக்கறப்பவே எனக்கு அந்த மூச்சு மனப்பாடம், அது வரல. சுத்தமா தொடச்சு விட்டிருந்தாங்க. ஜால்ரா அடிக்கற எடமெல்லாம் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஷ்லொப் ஷ்லொப்னு ஒரு சத்தம்.

சந்தேகம் வந்து கம்ப்யூட்டர்ல ஏத்தி ஸ்பெக்ட்ரம் படம், அதாவது எந்த கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் சத்தம் இருக்குன்னு காட்டற படம், போட்டுப் பாத்தேன். 16 கிலோஹெர்ட்ஸ்ல கத்திய வெச்சு வெட்டின மாதிரி மேல எல்லாம் கருப்பு. அஞ்சு பாட்டுலயும் அதே எடத்துல அதே வெட்டு. டேப்பு அப்படி வெட்டாது, மேல போகப் போக மெல்லத்தான் மங்கும். 128 கேபிபிஎஸ் எம்பி3தான் அப்படி வெட்டும். அதாவது எங்கயோ நெட்டுல கிடந்த எம்பி3ய எடுத்து வெல்வெட் பெட்டில போட்டு எனக்கு வித்திருக்காங்க. மெயில் போட்டேன், "தங்களின் மேலான கருத்துக்கு நன்றி"ன்னு பதில் வந்துச்சு. அந்தப் பெட்டில இப்ப எங்க வீட்டம்மா ஊசி நூல் வெச்சிருக்காங்க. பெட்டி நல்ல பெட்டி.

வாங்கின டிஸ்க்க நானே எப்படி செக் பண்றது?

ஆடாசிட்டின்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, பாட்ட ஏத்தி ஸ்பெக்ட்ரோகிராம் வியூ போடுங்க. நான் சொன்ன மாதிரி நேர்கோடா வெட்டு இருக்கான்னு பாருங்க. 16கிட்ட வெட்டுன்னா மட்டமான எம்பி3, 20கிட்ட வெட்டுன்னா நல்ல எம்பி3யா இருக்கலாம், அது மட்டும் வெச்சு அடிச்சு சொல்ல முடியாது. சில பழைய ரெக்கார்டிங்ல 15.6 கிலோஹெர்ட்ஸ்ல பாட்டு முழுக்க ஒரு மெல்லிசான கோடு போகும், பயப்படாதீங்க, அது குறை இல்ல, நம்ம ஊரு பழைய டப்பா டிவி, மானிட்டர் எல்லாம் 15,625 ஹெர்ட்ஸ்ல கீச்சுன்னு ஒரு சத்தம் போடும், பக்கத்துல அப்படி ஒரு பெட்டி ஓடிட்டு இருந்தா அது டேப்புல ஏறிடும். அந்தக் கோடு தெரிஞ்சா நான் சந்தோஷப்படுவேன், பெரிசா எதையும் தொடச்சு எடுக்கலன்னு அர்த்தம்.

அப்புறம் சாதா வேவ்ஃபார்ம் பாருங்க. மேடும் பள்ளமுமா மலைத்தொடர் மாதிரி இருந்தா நல்லது, மேலயும் கீழயும் சீவின செங்கல் மாதிரி இருந்தா சத்தத்த ஏத்தி நசுக்கியிருக்காங்க. டைனமிக் ரேஞ்ச் மீட்டர்னு ஒண்ணு நம்பராவே சொல்லும், நம்பர் கம்மியானா நசுக்கல் ஜாஸ்தின்னு அர்த்தம், எங்கிட்ட ஒரு படம் பழைய சிடில 13 காட்டுது, அதே படம் புது ரீமாஸ்டர்ல 7. வீணை தனியா வாசிக்கற எடமும் மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் ஒரே சத்தத்துல வந்தா அப்புறம் அந்த ஆர்க்கெஸ்ட்ரா வந்து என்ன, வராட்டி என்ன.

இன்னொண்ணு, இத நெறய பேர் பாக்கறதில்ல: ஸ்ருதி. எல்பியோ டேப்போ ஓட்டறப்ப ஸ்பீடு கொஞ்சம் தப்பினா பாட்டு அரைக்கட்டை ஏறியோ இறங்கியோ போயிடும். கீபோர்டு ஆப்ப தொறந்து பாட்டோட சேத்து ஸா வாசிச்சுப் பாருங்க. எந்தக் கட்டையிலயும் சேராம ரெண்டு கட்டைக்கு நடுவுல தொங்குச்சுன்னா ஸ்பீடு தப்பா இருக்க வாய்ப்பு அதிகம். எஸ்பிபி குரல் திடீர்னு இளசா கேட்டா "ஆஹா ரீமாஸ்டர்"னு நெனச்சுடாதீங்க.

கடைசியா ஹெட்போன மாட்டி லெஃப்ட் ரைட் பாருங்க. 1978ல வந்த 'பிரியா'வெல்லாம் ஸ்டீரியோன்னு பெருமையா போட்ட ரெக்கார்டு, இந்த மாதிரி ஆல்பத்த மோனோவா சுருக்கி வித்தா அது எந்த விலையா இருந்தாலும் நஷ்டம்தான். லெஃப்ட்டும் ரைட்டும் மாறிப் போன டிஸ்க்கும் எங்கிட்ட ஒண்ணு இருக்கு, அத கண்டுபிடிக்க எனக்கு ஆறு மாசம் ஆச்சுன்னு ஒத்துக்கறேன்.

ரீமாஸ்டர், ரீமிக்ஸ், அட்மாஸ், எல்லாம் ஒண்ணுதானே?

இல்ல. ரீமாஸ்டர்னா ஏற்கனவே மிக்ஸ் பண்ணி முடிச்ச பாட்ட எடுத்து சுத்தம் பண்ணி, டோன் சரி பண்ணி மறுபடி போடறது. சோறு வடிச்சாச்சு, பரிமாறறது மட்டும் புதுசு. ரீமிக்ஸ்னா குரல் தனி, தபலா தனி, வயலின் தனின்னு பிரிச்சு வெச்ச டிராக்க எடுத்து மறுபடி கலக்கறது, அதுக்கு அந்த டிராக் இருக்கணும். அந்தக் காலத்துல மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் பாடறவங்களும் ஒரே ஹால்ல நின்னு ஒரே டேக்ல எடுத்த பாட்டுக்கு தனித்தனி டிராக்குன்னு ஒண்ணே கிடையாது, யாராவது தப்பு பண்ணா மொத்தமும் முதல்ல இருந்து. அப்ப அந்தப் பாட்ட 5.1, அட்மாஸ்னு, அதாவது சுத்தி நாலா பக்கமும் இருந்து சத்தம் வர்ற மாதிரி விக்கறாங்கன்னா இப்ப கம்ப்யூட்டர் வெச்சு குரலையும் வாத்தியத்தயும் பிச்சு எடுத்துப் பரப்பி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். சில நேரம் வேடிக்கையா நல்லா இருக்கு, புல்லாங்குழல் பின்னாடி இருந்து வர்றப்ப திரும்பிப் பாத்துட்டேன், ஆனா நாலு தடவ கேட்டா குரல் ஓரமெல்லாம் பிசிறு தட்டும். பழைய பாட்டுக்கு மேல புது டிரம்ஸ ஏத்தறது பத்தி நான் ஒண்ணும் சொல்லல, வாய்ல கெட்ட வார்த்தை வரும்.

ரஹ்மான் பாட்டு, 90களுக்கு அப்புறம் வந்ததுக்கெல்லாம் ஹை-ரெஸ் (சிடிய விட கூட பிட், கூட கிலோஹெர்ட்ஸ்) டிஸ்க் வாங்கலாமா?

இங்க கொஞ்சம் உஷார். 'ரோஜா' 1992. அந்த சமயத்துல உலகம் பூரா ஸ்டுடியோல ஃபைனல் மிக்ஸ டேட் டேப்புன்னு ஒரு குட்டி டிஜிட்டல் கேசட்ல இறக்கறது ரொம்ப சகஜம், அது 16 பிட்தான், சிடி மாதிரியேதான். ஒரு ஆல்பத்தோட கடைசி மாஸ்டர் 16 பிட்னா அத 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ்ல போட்டு விக்கறது காலி எடத்த விக்கறது. அரை லிட்டர் பால ரெண்டு லிட்டர் குண்டால ஊத்தினா பால் கூடிடாது. அதனால இந்தக் காலத்து ஆல்பத்துக்கு அப்ப வந்த மொத சிடியே போதும், அது பழைய கடைல இருநூறு முன்னூறுக்கு மாட்டும்.

எம்எஸ்வி, கே.வி.மகாதேவன் காலத்து பாட்டு?

மோனோல எடுத்தது மோனோவாவே இருக்கட்டும். "ஸ்டீரியோ ஆக்கியிருக்கோம்"னு சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க, குரல் நடுவுல நிக்காம அலஞ்சுகிட்டே இருக்கும். இன்னொரு விஷயம், இந்தியாவுல ஒலிப்பதிவுக்கு காப்பிரைட் 60 வருஷம், அதனால 60கள் ஆரம்பம் வரைக்கும் வந்த ரெக்கார்ட யார் வேணா எடுத்துப் போடலாம்னு ஆயிடுச்சு, பாட்டு எழுதினவர், மெட்டு போட்டவர் உரிமை தனி. யார் வேணா போடலாம்னா தரமும் யார் வேணா பண்ண மாதிரிதான் இருக்கும். மாஸ்டர் வெச்சிருக்கற கம்பெனியே போட்டதா பாத்து வாங்குங்க.

எல்பி பத்தி ஒண்ணுமே சொல்லலயே, இப்ப அதான ஃபேஷன்?

எல்பி எனக்கு உயிரு, ஆனா ஃபேஷனுக்கு வாங்கறவங்களுக்கு நாலு வார்த்தை. இப்ப வர்ற புது எல்பில பெரும்பாலும் டிஜிட்டல் ஃபைல்ல இருந்துதான் வெட்டறாங்க. அது பாவம் இல்ல, ஆனா "அனலாக் வெதுவெதுப்பு"ன்னு சொல்லி விக்கறப்பதான் சிரிப்பு வரும். 2022ல அமெரிக்காவுல மொபைல் ஃபிடெலிட்டின்னு பெரிய பேரு வாங்கின கம்பெனி, ஒரிஜினல் டேப்ல இருந்து நேரா வெட்டறாங்கன்னு எல்லாரும் நம்பிட்டு இருந்த எல்பில நடுவுல ஒரு டிஜிட்டல் கட்டம் இருக்குன்னு வெளிய வந்து, கேஸ் வரைக்கும் போச்சு. வருஷக்கணக்கா "பாருங்க சுத்த அனலாக்னா இதான்"னு அத புகழ்ந்து தள்ளினவங்க எவ்ளோ பேரு.

180 கிராம்ங்கறது கனம். கொஞ்சம் வளையாம இருக்கும், கைல எடுத்தா கெத்தா இருக்கும், சத்தத்துக்கும் அதுக்கும் பெருசா சம்பந்தம் இல்ல. படம் போட்ட பிக்சர் டிஸ்க்க சுவத்துல மாட்டுங்க, ஓட்டாதீங்க, இரைச்சல் கூடத்தான் இருக்கும். தமிழ்ப் பட ஆல்பம் எல்பிக்குன்னே அளவெடுத்த மாதிரி, அஞ்சாறு பாட்டு, இருபத்தஞ்சு நிமிஷம், ஒரு பக்கத்துக்கு பன்னெண்டு பதிமூணு நிமிஷம்தான் வரும், அதனால உள்பக்கம் மையத்துக்கிட்ட வர வர சத்தம் பிசிறடிக்கற பிரச்சனை நமக்கு கம்மி. ஒரு பக்கத்துக்கு இருபத்திரண்டு நிமிஷம் அடைச்ச வெளிநாட்டு எல்பிய கேட்டுட்டு நம்மூரு பழைய எல்பிய போட்டா இந்த வித்தியாசம் புரியும்.

ஆனா எல்பிக்கு நாலாயிரம் குடுத்துட்டு சூட்கேஸ் பிளேயர்ல போடாதீங்க சாமி. அந்த ஊசி அஞ்சு கிராம் வெயிட்டுல பள்ளத்த உழும், ஒழுங்கான பிளேயர்ல ரெண்டு கிராமுக்குள்ளதான் இருக்கும். நூறு தடவ போட்டா ஜால்ரா எல்லாம் மாவாயிடும்.

பிஜிஎம் சேத்து போட்டா?

அதுக்குத்தான் நான் சொத்த எழுதித் தர ரெடி. நம்மூர்ல படத்தோட ரீ-ரெக்கார்டிங் இசை தனி டிஸ்க்கா வந்தது ரொம்ப கொஞ்சம். வெளியில பாருங்க, இன்ட்ராடா, லா-லா லேண்ட் ரெக்கார்ட்ஸ் மாதிரி கம்பெனிங்க பழைய ஹாலிவுட் படத்தோட முழு பிஜிஎம்மையும் தேடி எடுத்து, எந்த சீனுக்கு எந்தத் துண்டு, எந்த டேப்புல கிடைச்சது, எந்தத் துண்டு கிடைக்கலன்னு இருபது பக்கம் எழுதி, சில ஆயிரம் காப்பி மட்டும் போட்டு விக்கறாங்க. 'பிளேட் ரன்னர்' படம் 1982ல வந்துச்சு, வாஞ்சலிஸ் போட்ட ஒரிஜினல் இசை ஆல்பமா வெளிவர 1994 ஆயிடுச்சு, அது வரைக்கும் வேற ஆர்க்கெஸ்ட்ரா வாசிச்சத வெச்சு சனங்க மனச தேத்திக்கிட்டு இருந்தாங்க. அதுவே பன்னெண்டு வருஷம். நாம நாப்பது வருஷமா தியேட்டர்ல கேட்டத, இப்பவும் படத்த ஓட்டி வசனத்துக்கு நடுவுல வர்ற பத்து செகண்டத்தான் கேக்கறோம். இதுக்கு சாதா சிடி போதும், வெல்வெட் வேணாம், பிளாஸ்டிக் கவர்ல குடுத்தா கூட வாங்கிப்பேன்.

எல்லாந்தான் ஸ்ட்ரீமிங்ல இருக்கே, அதுவும் லாஸ்லெஸ்ல?

இருக்கு, நானும் பஸ்ல அதுலதான் கேக்கறேன். ஆப்பிள் மியூசிக் 2021லயே எக்ஸ்ட்ரா காசு இல்லாம லாஸ்லெஸ் குடுத்துடுச்சு. ஆனா லாஸ்லெஸ்னா அவங்களுக்கு வந்த ஃபைல்ல எதுவும் குறைக்கலன்னுதான் அர்த்தம், வந்த ஃபைலே செங்கல்னா செங்கல்தான் முழுசா வந்து சேரும். ஒரே பாட்டு மூணு நாலு ஆல்பத்துல இருக்கும், "ஹிட்ஸ்" தொகுப்புல ஒரு மாதிரி, படத்தோட பேர்ல இருக்கற ஆல்பத்துல ஒரு மாதிரி, எல்லாத்தயும் போட்டு கேட்டு பிடிச்சத சேவ் பண்ணிக்கோங்க. அதுவே நல்லா இருந்தா டிஸ்க்கே வேணாம். உரிமைச் சண்டைல திடீர்னு பாட்டு காணாமப் போறது மட்டும்தான் தலவலி, டிஸ்க்க யாரும் ராத்திரியோட ராத்திரியா வந்து அலமாரில இருந்து எடுத்துட்டுப் போறதில்ல.

எங்கிட்ட இருக்கறது ரெண்டாயிரம் ரூபா ஸ்பீக்கர். வித்தியாசம் தெரியுமா?

நசுக்கின மாஸ்டர், மோனோவாக்கினது, ஸ்பீடு தப்பு, இது மூணும் எந்த ஸ்பீக்கர்லயும் தெரியும். மத்தது தெரியாது. டிஸ்க்குக்கு வெச்சிருக்கற காசுல மொதல்ல ஒரு நல்ல ஹெட்போன் வாங்குங்க, அலமாரில இருக்கற பழைய சிடி எல்லாம் ஒரே நாள்ல புதுசாயிடும்.

டூப்ளிகேட்ட எப்படி கண்டுபிடிக்கறது?

அடிப்பக்கம் பாருங்க. கம்பெனில அடிச்சது வெள்ளியா பளபளன்னு இருக்கும், வீட்டுக் கம்ப்யூட்டர்ல காப்பி போட்டது லேசா பச்சை, ஊதா, நீலம் அடிக்கும். நடு ஓட்டைய சுத்தி உள்வட்டத்துல பொடி எழுத்துல நம்பர் இருக்கும், 90கள் நடுவுக்கு அப்புறம் அடிச்ச பல டிஸ்க்ல ஐஎஃப்பிஐன்னு (ரெக்கார்டு கம்பெனிங்களோட உலக சங்கம்) ஆரம்பிக்கற ஒரு குறியீடும் பாக்கலாம். 80கள் டிஸ்க்ல ஐஎஃப்பிஐ இல்லன்னா பயப்படாதீங்க, அப்ப அது கிடையாது. ரொம்பப் பழைய சிடிய வாங்கறப்ப லைட்டுக்கு நேரா தூக்கிப் பிடிங்க, ஊசி குத்தின மாதிரி பொட்டுப் பொட்டா வெளிச்சம் வந்தா பூச்சு அரிச்சிருக்குன்னு அர்த்தம், கீழ வெச்சுடுங்க.

எடுத்து வெக்கறது எப்படி?

நிமித்தி வைங்க, படுக்க வெச்சு அடுக்காதீங்க. சிலிக்கா ஜெல் போடுங்க. சிடில மேல் பக்கம்தான் மென்மை, அதுல ஸ்டிக்கர் ஒட்டாதீங்க, பேனால கிறுக்காதீங்க. எல்பிய ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்து தொடைக்கலாம், தாத்தா காலத்து 78 அரக்கு ரெக்கார்ட அதால தொடச்சா கரைஞ்சே போயிடும், எச்சரிக்கை.

முதலீடா வாங்கிப் போடலாமா?

தங்கம் வாங்குங்க. தங்க சிடி இல்ல, தங்கம்.

நீங்க கடைசியா வாங்கினது என்ன?

போன மாசம் சென்ட்ரல் பக்கத்துல மூர் மார்க்கெட் கடைங்கள்ல சும்மா சுத்தறப்ப ஒரு பழைய ரெண்டு-படம்-ஒரே-டிஸ்க் சிடி. மேல் கவர் ஒடஞ்சிருந்துச்சு, புக்லெட் பாதி கிழிஞ்சு வேற யாரோ பால்பாயிண்ட்ல "ஏ3 சூப்பர்"னு எழுதியிருந்தாங்க. கடைக்காரர் 300 சொன்னாரு, 250க்கு குடுத்தாரு. வீட்டுக்கு வந்து ரெண்டாவது பாட்டப் போட்டேன், அந்த வெல்வெட் பெட்டில இருந்த அதே பாட்டு. பல்லவிக்கு முன்னாடி அந்த மூச்சு அப்படியே இருக்கு.

இப்ப இன்னொரு கம்பெனி ஒரு பெரிய எல்பி செட்டுக்கு முன்பதிவு ஆரம்பிச்சிருக்காங்க, விலை ஆறாயிரத்து சொச்சம், கவர் பாத்தா நாக்குல எச்சி ஊறுது. எந்த டேப்புல இருந்து எடுத்தீங்கன்னு கேட்டு மெயில் போட்டு பதினெட்டு நாள் ஆச்சு. பதில் வந்தா வாங்கிடுவேன், இன்னும் வரல.